அத்தியாயம் 4: பரண் வைத்த சிறு வீட்டுக்கு எத்தனை அடி அகலம்?

மனை வாங்கியவரோ பழைய குடிசையைப் பிரித்துக் கட்டப்போகிறவரோ முதலில் நீளத்தைத்தான் பேசுவார். அகலத்தை மனையின் போக்குக்கு விட்டுவிடுவார். பரண் இல்லாத வீட்டில் இதனால் பெரிய கேடு வராது. பரண் வைக்கிற வீட்டில் வரும். பரணைத் தாங்கும் சட்டங்கள் அகலத்தின் குறுக்கே ஓடுகின்றன. கூரை முகடு எவ்வளவு உயரும், மேலே உட்கார்ந்தால் தலை இடிக்குமா, ஏணிக்கு இடம் மிஞ்சுமா என்பதையெல்லாம் அகலமே தீர்மானிக்கிறது. நீளத்தைப் பின்னால் ஒரு கட்டு சேர்த்துக் கூட்டிக்கொள்ளலாம். அகலத்தை மாற்றக் கூரையையே பிரிக்க வேண்டும்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த அத்தியாயம் தரும் விடை இதுதான்: உள்ளளவில் 10 அடி. மூன்று பேருக்கு மேல் படுக்க வேண்டும், அல்லது வயதானவர் பரணுக்கு ஏற வேண்டும் என்றால் 12 அடி. அதற்கு மேல் வேண்டுமானால் நடுவில் தூண் போடாமல் பரண் வைக்காதீர்கள். இந்த அளவுகள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால் உங்கள் மனைக்கு ஏற்றபடி நீங்களே மாற்றிக்கொள்ள முடியும்.

பழவேற்காட்டுக் கரையில் பரண் எதற்கு?

வடகிழக்குப் பருவத்தில் ஆரணியாறு கொண்டுவரும் வெள்ளம் பழவேற்காடு ஏரியில் வந்து சேர்கிறது. முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் தண்ணீர் கடலுக்கு வடியத் தாமதமாகும், குப்பங்களில் ஏறும். 2015 மழையையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரேஷன் அட்டை, மீனவர் அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், அரிசி, துணிமணி, காய்ந்த வலை என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தூக்கி வைக்க ஓர் இடம் வேண்டும்.

இன்னொரு காரணம் சட்டம். 2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து கட்டுமானம் கூடாத பகுதியை வரையறுக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களில் அது 50 மீட்டர், மற்ற இடங்களில் 200 மீட்டர். அந்தப் பகுதிக்குள் ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம். ஆனால் பழைய அடித்தளப் பரப்பைத் தாண்டக் கூடாது. பக்கவாட்டில் விரிய வழியில்லாதபோது, உள்ளே இருக்கும் உயரத்தைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் மனை எந்த வகையில் வருகிறது, பரண் பரப்பளவுக் கணக்கில் சேருமா என்பதை அடித்தளம் தோண்டும் முன் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, நிலையான படி இல்லாத, ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேற்படாத இடைத்தட்டையே சாமான் பரண் என்கிறது. ஆள் புழங்கும் இடைத்தளம் என்றால் குறைந்தது 2.2 மீட்டர் உயரம் கேட்கிறது. இந்த அத்தியாயத்தில் நாம் முதன்மையாகப் பேசுவது முதல் வகை; படிக்கட்டு வைத்தாலோ, முகட்டில் ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்ந்தாலோ, ஆள் படுத்தாலோ அந்த வரையறையைத் தாண்டும் என்பதால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பரண் சாமானுக்கான இடம், புயல் நேரத்தில் ஆளுக்கான அடைக்கலம் அல்ல. புயல் எச்சரிக்கை வந்தால் பொருளைப் பரணில் ஏற்றிக் கட்டிவிட்டு, ஆட்கள் எல்லோரும் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும்.

உள்ளளவா, வெளியளவா?

“மேஸ்திரி, பத்துக்கு இருபது போட்டுடுங்க.”

“உள்ளளவாம்மா, வெளியளவாம்மா?”

இந்தக் கேள்வியைக் கேட்கும் மேஸ்திரி கிடைத்தால் நல்லது. கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். வெளியே பத்தடி வைத்து ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பினால் உள்ளே மிஞ்சுவது எட்டரை அடி. இரண்டு பக்கப் பூச்சும் சேர்ந்தால் அதிலும் ஓர் அங்குலம் போகும். இனி இங்கே சொல்லும் அகலம் எல்லாம் உள்ளளவு. சுவரின் கனம் 9 அங்குலம் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறோம். ஹாலோ பிளாக் சுவர் என்றால் அதன் கனத்தைப் போட்டுத் திரும்பக் கணக்குப் பாருங்கள்.

கீழே: பாயை வைத்து அளந்து பாருங்கள்

கீழ்த்தளத்துக்கான அகலத்தைப் படுக்கையிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஆளுக்குப் பாய் ஆறுக்கு மூன்று அடி. அகலத்தின் குறுக்கே காலை நீட்டிப் படுத்தால் ஆறடி போக, கால்மாட்டில் நடக்க இரண்டரை அடி வேண்டும். மொத்தம் எட்டரை. நீளவாக்கில் பக்கத்தில் பக்கமாகப் படுத்தால் மூன்று பாய்க்கு ஒன்பது அடி, நான்கு பாய்க்குப் பன்னிரண்டு. எட்டடி அகலத்தில் படுத்தவரைத் தாண்டித்தான் கதவுக்குப் போக முடியும். விடியுமுன் ஏரிக்குக் கிளம்புகிறவர் இருக்கும் வீட்டில் இது தினமும் உறுத்தும். வசிக்கும் அறைக்குக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச அகலம் 2.4 மீட்டர், கிட்டத்தட்ட எட்டடி. அது சட்டத்தின் கீழ் எல்லை. வசதிக்கு அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் சக்கரத்தின் மேல் வைத்துக் கட்டும் சிறு வீடுகள் பெரும்பாலும் எட்டரை அடி அகலத்தில் நின்றுவிடுகின்றன. சாலையில் இழுத்துப் போகும் வண்டிக்கு அதுதான் வரம்பு. அந்தப் படங்களைக் கைப்பேசியில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் வீடு எங்கும் போகப் போவதில்லை. நமக்கு அந்த வரம்பு தேவையில்லை.

மேலே: உட்கார்ந்தால் தலை இடிக்கக் கூடாது

பரணில் நின்று நடக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து சாமானை எடுக்க வேண்டும், இரவில் இரண்டு பேர் படுக்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவருக்குத் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு மூன்றடி உயரம் போதும்.

ஷீட் கூரைக்கு ஏற்ற சாய்வு, கிடையாக ஒரு அடி போனால் ஏழு அங்குலம் ஏறுவது. கோணத்தில் சொன்னால் 30 பாகை. இதைவிடச் சப்பையாக வைத்தால் புயல் காற்று கூரையைத் தூக்கப் பார்க்கும். பரண் தளத்துக்கு மேல் பக்கச்சுவர் இரண்டு அடி உயர்ந்திருந்தால், முகடு இருக்கும் உயரமும் மூன்றடிக்குக் குறையாத உயரம் கிடைக்கும் பட்டையின் அகலமும் இப்படி வரும்:

- 8 அடி வீடு: முகட்டில் 4.3 அடி, உட்காரும் பட்டை 4.5 அடி
- 10 அடி வீடு: முகட்டில் 4.9 அடி, உட்காரும் பட்டை 6.5 அடி
- 12 அடி வீடு: முகட்டில் 5.5 அடி, உட்காரும் பட்டை 8.5 அடி
- 14 அடி வீடு: முகட்டில் 6 அடி, உட்காரும் பட்டை 10.5 அடி

எட்டடி வீட்டில் நடுவில் ஒருவர் தவழ்ந்து போகலாம், அவ்வளவுதான். பத்தடியில் ஆறடி ஆள் குறுக்கே படுக்கும் அளவுக்குப் பட்டை கிடைக்கிறது. பயன் மாறும் இடம் அதுதான். பட்டைக்கு வெளியே இரண்டு ஓரமும் வீணாகாது. வலை மூட்டை, பெட்டி, பாத்திரம் அங்கே போகும்.

கான்கிரீட் தட்டைக் கூரை போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், எல்லா இடத்திலும் ஒரே உயரம்தான். அவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். அரசுத் திட்டத்தில் கட்டுகிறவர்கள் திட்டத்தின் பரப்பளவையும் சேர்த்துப் பாருங்கள். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி. பத்தடி அகலத்தில் 360 வர 36 அடி நீளம் வேண்டும். அகலத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் நீளும் வீடு காற்றுக்கும் நில அதிர்வுக்கும் நல்லதல்ல. இந்தத் திட்டத்துக்குப் பன்னிரண்டு அடியே பொருந்தும், 12-க்கு 30.

நடுவே: சட்டம் எவ்வளவு தாங்கும்?

வீட்டுத் தளத்துக்குக் கணக்கில் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. வலை காய்ந்திருந்தால் இதற்குள் அடங்கும். நனைந்த வலையைப் பரணில் ஏற்றாதீர்கள். பாரமும் கூடும், அடியில் இருக்கும் பலகையும் இற்றுப்போகும். எஞ்சின், டீசல் கேன், கேஸ் சிலிண்டர் மூன்றும் எந்தக் காரணத்துக்காகவும் மேலே போகக் கூடாது.

ஒரே பைப், ஒரே இடைவெளி, ஒரே பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 8 அடியிலிருந்து 12 அடியானால் சட்டத்தின் தொய்வு ஐந்து மடங்காகிறது. 10 அடியிலிருந்து 12 அடியானாலே இரண்டு மடங்கு. மேலே ஒரு பிள்ளை நடந்தால் கீழே சோற்றில் தூசி விழுவது இதனால்தான்.

கடையில் கிடைக்கும் நாலுக்கு இரண்டு அங்குல பாக்ஸ் பைப், 3 மில்லிமீட்டர் கனம், இரண்டடிக்கு ஒன்றாக நிமிர்த்தி வைத்தால், மேற்சொன்ன பாரத்தில் கணக்கு இப்படி வருகிறது. 10 அடியில் நடுத்தொய்வு 7 மில்லிமீட்டர். காலில் தெரியாது. 12 அடியில் 15 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்கத்தக்க எல்லை அது. 14 அடியில் 27 மில்லிமீட்டர். ஏற்க முடியாது. பைப்பைப் படுக்க வைத்தால் எந்த அகலத்திலும் இந்தக் கணக்கு செல்லாது. வெல்டர் வேலையை முடிக்கும் முன் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சவுக்குக் கம்பு வைத்தால் எட்டடியோடு நிறுத்துங்கள். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் பத்தடிக்குத் தாராளமாகத் தாங்கும். ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் சட்டத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. உள்ளே பொத்தென்று கேட்டால் விட்டுவிடுங்கள்.

உப்புக் காற்றில் இரும்பு வெல்டிங் இணைப்பில்தான் முதலில் அரிக்கும். துத்தநாகம் பூசிய பைப்பே வாங்கினாலும், வெல்டிங் செய்த இடத்தைத் தேய்த்து துத்தநாகப் பிரைமர் இரண்டு கை அடித்த பிறகே மேலே பலகை போட வேண்டும். பலகை போட்டுவிட்டால் பிறகு அந்த இடம் கண்ணில் படாது.

கடைக்காரரின் அளவு

பொருள் எந்த அளவில் விற்கப்படுகிறதோ அதற்கு இசைந்த அகலம் மலிவாக முடியும். பைப் 20 அடி நீளத்தில் வருகிறது. பத்தடி வீட்டுக்குச் சுவரில் இரண்டு பக்கமும் அரையடி உட்கார 11 அடிச் சட்டம் வேண்டும். மிச்சம் 9 அடி. அது கைமரத்துக்கு ஆகும், ஏனென்றால் அந்த அகலத்துக்குக் கைமரத்தின் நீளம் எட்டடிக்குள். பன்னிரண்டடி வீட்டுக்கு 13 அடி போக மிச்சம் 7 அடி. கைமரத்துக்குப் பற்றாது, ஏணிக்கும் கைப்பிடிக்கும்தான் ஆகும்.

ஷீட்டிலும் அப்படியே. கடையில் 6, 8, 10, 12 அடி நீளங்களில் கிடைக்கும். பத்தடி வீட்டில் முகட்டிலிருந்து ஒரு அடித் தாழ்வாரம் வரை சரிவின் நீளம் 7 அடி 10 அங்குலம். 8 அடி ஷீட் வெட்டாமல் பொருந்தும். பன்னிரண்டடி வீட்டில் அது ஒன்பது அடிக்கு வந்துவிடுகிறது. 10 அடி ஷீட் வாங்கி ஒரு அடி வெட்டிப் போட வேண்டும், அல்லது வண்ணம் பூசிய ஷீட்டை அளவு சொல்லி வெட்டி வாங்க வேண்டும். வெட்ட மனமில்லாமல் தாழ்வாரத்தை நீட்டிவிடாதீர்கள். ஒன்றரை அடிக்கு மேல் நீண்ட தாழ்வாரத்தைத்தான் புயல் முதலில் பிடித்துத் தூக்கும்.

படகில் ஏற்றிப் போக வேண்டிய ஊர்களில் இன்னொன்றையும் பாருங்கள். இருபதடி பைப்பைக் கரையிலேயே வெட்டிக் கொண்டுபோனால் ஏற்றி இறக்கச் சுலபம். அதற்கு அகலம் முன்கூட்டியே உறுதியாகியிருக்க வேண்டும்.

காற்றுக்கு எது நிற்கும்?

சென்னைப் பகுதிக் கரைக்கு இந்தியத் தரநிலை 875-இன் மூன்றாம் பகுதி கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்கு அருகே கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டாம்.

பரண் வைத்தால் சுவர் உயரும். கீழே ஏழடி, பரண் சட்டமும் பலகையும் அரையடி, மேலே பக்கச்சுவர் இரண்டடி, ஆக ஒன்பதரை அடி. அதன்மேல் முகடு. இந்தக் கணக்கில் எட்டடி வீட்டின் உயரம் அதன் வெளி அகலத்தைவிடக் கால்பங்கு அதிகம். பத்தடியில் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். பன்னிரண்டில் அகலம் சற்று மிஞ்சும். ஒல்லியாக உயர்ந்த எட்டடி வீட்டை விடச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். மறுபுறம் அகலம் கூடக் கூடக் கூரைப் பரப்பும் காற்று அதைத் தூக்கும் விசையும் கூடும்.

மேஸ்திரிகள் தவறவிடும் ஓர் இடம் இருக்கிறது. பக்கச்சுவரைப் பரணுக்கு மேல் இரண்டடி எழுப்பினால், கைமரங்கள் அந்தச் சுவரின் தலையை வெளியே தள்ளும். பரண் சட்டம் இரண்டடி கீழே இருப்பதால் அதைப் பிடிக்காது. ஆகவே சுவர்த் தலையில் நான்கு பக்கமும் சுற்றி வரும் கான்கிரீட் பெல்ட் கட்டாயம் வேண்டும். முகட்டு விட்டத்தை முக்கோணச் சுவர்கள் இரண்டிலும், பரண் முடியும் இடத்தில் ஒரு தூணிலும் உட்கார வையுங்கள். கைமரம் பெல்ட்டில் பதித்த போல்ட்டில் பிடிக்கப்பட வேண்டும், சுவர்மேல் சும்மா கிடக்கக் கூடாது. கான்கிரீட்டுக்குக் கடல் மணலும் உவர் கிணற்றுத் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பியை அவையே தின்றுவிடும்.

ஏணி, வெக்கை, கப்பி

ஏழரை அடி ஏறும் சாய்வு ஏணிக்குத் தரையில் மூன்றடிக்குள்தான் போகும், எந்த அகலத்திலும் அடங்கும். படிக்கட்டு என்றால் ஏறத்தாழ ஏழடி ஓடும். பத்தடி அகலத்தில் குறுக்கே வைத்தால் மூன்றடி மிஞ்சும், கதவுக்கு இடைஞ்சல். பன்னிரண்டில் ஐந்தடி மிஞ்சும். வீட்டில் முட்டிவலிக்காரர் பரணுக்கு ஏற வேண்டும் என்றால் பன்னிரண்டை எடுங்கள்.

ஷீட்டுக்கு அடியில் பகலில் பரண் வேகும். இரண்டு முக்கோணச் சுவரிலும் எதிரெதிரே சன்னல் வையுங்கள். பகலில் கடல் காற்றும் இரவில் தரைக்காற்றும் ஊடுருவும். ஷீட்டுக்குக் கீழே நாலு அங்குலம் விட்டு ஓலைப் பாய் கட்டினால் வெக்கை நன்றாகத் தணியும். பனையோலை முடைவதற்குப் பேர்போன ஊரில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

அந்தச் சன்னல்களில் ஒன்றை இரண்டரைக்கு மூன்றடியாக, ஆள் நுழையும் அளவில் வையுங்கள். அதன் மேலே முகட்டு விட்டத்தை ஒரு அடி வெளியே நீட்டிக் கப்பி மாட்டலாம். 1613-இல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், தங்கள் ஆம்ஸ்டர்டாமில் ஒடுக்கமான வீடுகளின் முகப்பில் இப்படி ஒரு விட்டத்தை நீட்டித்தான் சரக்கை மேல்தட்டுக்கு ஏற்றினார்கள். வலை மூட்டையைத் தோளில் சுமந்து ஏணி ஏறுவதைவிட இது பாதுகாப்பு.

மணலில் கோடு போட்டுப் பாருங்கள்

பொருள் வாங்கும் முன் அரை நாள் இதற்கு ஒதுக்குங்கள். மனையில் நான்கு சவுக்குக் குச்சி அடித்துப் பத்துக்கு இருபது கயிறு கட்டுங்கள். மூலைவிட்டம் இரண்டும் 22 அடி 4 அங்குலம் வந்தால் மூலைமட்டம் சரி. உள்ளே வீட்டில் இருக்கும் எல்லாப் பாயையும் விரியுங்கள். ஐஸ் பெட்டி, பீரோ, அடுப்பு மேடை இருக்கும் இடங்களைக் குச்சியால் கீறுங்கள். எல்லோரும் படுங்கள். பிறகு ஒருவர் எழுந்து, யாரையும் மிதிக்காமல் கதவுக்கும் ஏணிக்கும் போக வேண்டும். முடிந்தால் பத்தடி போதும். முடியாவிட்டால் நீளவாக்குக் கயிறு ஒன்றை இரண்டடி தள்ளிக் கட்டி மறுபடி படுத்துப் பாருங்கள்.

பரணுக்கு ஒரு கம்பில் மூன்றடி உயரத்தில் குறி வையுங்கள். அதன் பக்கத்தில் வீட்டிலேயே உயரமானவரை உட்கார வையுங்கள். தலை குறியைத் தாண்டினால் பக்கச்சுவரை இரண்டடியிலிருந்து இரண்டரையாக்கலாம். அகலத்தைத் தொட வேண்டியதில்லை.

மேஸ்திரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டியவை

1. உள்ளகலம் எத்தனை அடி. பூச்சு முடிந்த பிறகா, முன்பா.
2. நீளம், அகலத்தின் மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும்.
3. தரையிலிருந்து பரண் சட்டத்தின் அடி வரை 7 அடி.
4. சட்டத்தின் அளவு, கனம், இடைவெளி. நிமிர்த்தி வைக்க வேண்டும் என்ற குறிப்பு.
5. பரணுக்கு மேல் பக்கச்சுவர் 2 அடி. அதன் தலையில் சுற்று பெல்ட்.
6. கூரைச் சாய்வு அடிக்கு 7 அங்குலம். தாழ்வாரம் ஒன்றரை அடிக்குள்.
7. ஏணியா படிக்கட்டா; எந்தச் சுவரை ஒட்டி.
8. முக்கோணச் சுவர்ச் சன்னல் இரண்டு. ஒன்று ஆள் நுழையும் அளவு.

இந்தத் தாளில் முதல் வரியை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், நான்கு முதல் ஏழு வரையுள்ள வரிகளையும் மறுபடி கணக்குப் பார்த்த பிறகே கடைக்குப் போங்கள்.